கிளிக் செய்தவரைத் தேடும் சோதனைகள்

2018 பிப்ரவரி 7 காலை. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டர் அது. நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்றே முதலில் நினைத்தார்கள். முந்தைய நாள் கணக்கைச் சரிபார்த்தபோதுதான், வங்கி அனுப்பாத மூன்று பட்டுவாடா உத்தரவுகள் வங்கியின் பெயரில் போயிருப்பது தெரிந்தது. துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 20 லட்சம் டாலர். ஒப்புகைச் செய்தி அச்சாகி யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகத் திருடர்களே பிரிண்டரை முடக்கியிருந்தார்கள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. மற்ற இரண்டுக்கும் வங்கி நாடு நாடாகத் துரத்த வேண்டியிருந்தது.

இதற்குச் சரியாக இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலும் இப்படித்தான் பிரிண்டர் நின்றது. அங்கே போனது 8.1 கோடி டாலர். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பிரிண்டரைப் பற்றி எழுதின. அதன் பிறகும், ‘பிரிண்டர் நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் யாரைக் கூப்பிட வேண்டும்?’ என்ற கேள்வியை வைத்து எத்தனை நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு ஒத்திகை நடத்தியிருக்கும்? தனியார் நிறுவனங்களுக்கு சைபர் பாதுகாப்புப் பயிற்சியும் சோதனையும் விற்கும் தளங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. இந்தத் தளங்கள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பதில்தான் கொடுத்த காசுக்குப் பலன் உண்டா இல்லையா என்பது இருக்கிறது.

சந்தையில் இன்று விற்கப்படுபவற்றை மேலோட்டமாகப் பிரித்தால் நான்கு வகை தேறும். முதல் வகை எல்லா ஊழியர்களுக்குமான விழிப்புணர்வுப் பாடமும் ஏமாற்றி விவரம் பறிக்கும் பிஷிங் மெயிலைப் போலியாக அனுப்பிப் பார்க்கும் சோதனையும். இரண்டாவது, தொழில்நுட்ப ஊழியர்கள் கைப்பழக்கம் பெறுவதற்கான ஆய்வுக்கூடத் தளங்கள். மூன்றாவது, நிஜத் தாக்குதல் போலவே நடத்தும் ஒத்திகைக் களங்கள். இவற்றை சைபர் ரேஞ்ச் என்கிறார்கள். நான்காவது, நிறுவனத்தின் அமைப்புகளையே தாக்கிப் பார்க்கும் சோதனை. அதை மனிதர்கள் செய்தால் ஊடுருவல் சோதனை அல்லது ரெட் டீம். மென்பொருளே ஓயாமல் செய்தால் தாக்குதல் உருவகச் சோதனை.

பணம் அதிகம் புரள்வது முதல் வகையில். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2008இல் பிறந்த வாம்பட் நிறுவனத்தை 2018இல் புரூஃப்பாயிண்ட் 22.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2010இல் தொடங்கப்பட்ட நோபிஃபோர், ஒரு காலத்தில் அமெரிக்கா வலைவீசித் தேடிய ஹேக்கர் கெவின் மிட்னிக்கைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது; 2023இல் அதை விஸ்டா என்ற முதலீட்டு நிறுவனம் 460 கோடி டாலருக்கு வாங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் அலுவலக மென்பொருள் சந்தாவின் மேல்நிலைத் திட்டத்திலேயே இந்தச் சோதனையைச் சேர்த்துத் தருகிறது. காசில்லாமல் செய்ய நினைப்பவர்களுக்கு கோஃபிஷ் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது.

எல்லாவற்றிலும் வேலை நடக்கும் விதம் ஒன்றுதான். ‘உங்கள் பாஸ்வேர்டு இன்று காலாவதியாகிறது’ என்று ஒரு மெயில் வரும். லிங்க்கைத் தொட்டால், ‘இது சோதனை, நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்’ என்று ஒரு பக்கம் திறக்கும். கீழே ஒரு குட்டிப் பாடம். மாதக் கடைசியில் மேலாளரின் மேசைக்கு ஒரு வரைபடம் போகும்: போன முறை நூற்றுக்கு இத்தனை பேர் கிளிக் செய்தார்கள், இந்த முறை இத்தனை பேர். கோடு கீழே இறங்கியிருந்தால் எல்லோருக்கும் திருப்தி.

அந்தக் கோட்டை நம்பலாமா என்று பார்க்க இரண்டு பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. முதலாவது, ஜூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதம் பின்தொடர்ந்து செய்து, 2022இல் வெளியிட்டது. கிளிக் செய்த கையோடு குட்டிப் பாடம் காட்டுவதால் ஊழியர்கள் உஷாராகவில்லை. சிலர் முன்பைவிட எளிதாக ஏமாந்தார்கள் என்பது அதன் முடிவு. இரண்டாவது, சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை அமைப்பில் சுமார் 19,500 ஊழியர்களிடம் எட்டு மாதத்தில் பத்து போலி மெயில்களை அனுப்பி நடத்தியது, 2025இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் தோல்வி விகிதத்தில் இருந்த வித்தியாசம் 1.7 விழுக்காடு. பாடப் பக்கம் திறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வருடாந்திரப் பயிற்சியைச் சமீபத்தில் முடித்தவர், நெடுநாள் முன்பு முடித்தவர் என்ற பேதமும் முடிவில் தெரியவில்லை.

இரண்டாவது ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. மெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன போலி மெயிலில் ஏமாந்தவர்கள் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. விடுப்பு விதிகள் மாறிவிட்டன என்று சொன்ன மெயிலில் ஏமாந்தவர்கள் 30 விழுக்காட்டுக்கும் மேல். ஒரே நிறுவனம், ஒரே ஊழியர்கள். அப்படியானால் கிளிக் விகிதம் என்பது ஊழியரின் விழிப்பைக் காட்டிலும் மெயில் எழுதியவரின் சாமர்த்தியத்தையே அதிகம் காட்டுகிறது. எளிய மெயிலை அனுப்பினால் கோடு இறங்கும், சாமர்த்தியமான மெயிலை அனுப்பினால் ஏறும். பட்ஜெட் கேட்க வேண்டிய மாதத்தில் ஏற்றிக் காட்டலாம், சாதனை சொல்ல வேண்டிய மாதத்தில் இறக்கிக் காட்டலாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020இல் போலி மெயில்களின் கடினத்தை மதிப்பிட ஓர் அளவுகோலை வெளியிட்டதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். தளம் தரும் அறிக்கையில் கிளிக் விகிதத்தின் பக்கத்தில் அந்த மெயில் எவ்வளவு கடினம் என்பதும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்த வரைபடத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

சாமர்த்தியம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2020 டிசம்பர், கொரோனா காலம். அமெரிக்காவின் கோடாடி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 650 டாலர் பண்டிகை போனஸ் என்று மெயில் அனுப்பியது. விவரம் கொடுத்த சுமார் 500 பேருக்கு இரண்டு நாள் கழித்து, ‘நீங்கள் சோதனையில் தோற்றுவிட்டீர்கள், மறுபடியும் பயிற்சிக்கு வாருங்கள்’ என்று பதில் போனது. விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மே மாதம் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் ரயில் நிறுவனம் அதே காரியத்தைச் செய்தது: கொரோனாவிலும் வேலைக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் விதமாக ஊக்கத்தொகை என்று ஒரு போலி மெயில். தொழிற்சங்கம் கொதித்தது. நிஜத் திருடன் போனஸ் ஆசை காட்டத்தான் செய்வான் என்று சிலர் இதற்கு வாதாடுகிறார்கள். ஆனால் திருடனோடு ஊழியருக்கு நாளைக்கு வேலை இல்லை, ஐ.டி. துறையோடு இருக்கிறது. இப்படி அவமானப்பட்ட ஒருவர் நாளை நிஜமாகவே ஏதாவது லிங்க்கைத் தொட்டுவிட்டால், தானே முன்வந்து ஐ.டி. துறைக்குச் சொல்வாரா? மறைக்கத்தான் பார்ப்பார். அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

வெரைசான் நிறுவனத்தின் 2024 ஆண்டறிக்கை, சோதனைகளின் தரவை வைத்து ஒரு கணக்குச் சொன்னது. மெயிலைத் திறந்தவர் லிங்க்கைத் தொட எடுக்கும் இடைநிலை நேரம் 21 விநாடி. அதன் பிறகு தன் விவரத்தைக் கொடுக்க 28 விநாடி. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கிளிக்கை முழுவதுமாக நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டால், நிறுவனத்தின் கையில் மிஞ்சுவது இரண்டு: ஒருவர் கிளிக் செய்தாலும் நஷ்டம் வராதபடி அமைப்பைக் கட்டுவது, யாராவது சந்தேகப்பட்ட உடனே சொல்லும் வழியைப் பழக்குவது. இ.டி.எச். ஆய்வே இரண்டாவதற்கு நல்ல சான்று தந்தது. மெயில் பெட்டியில் ‘சந்தேகமாக இருக்கிறது’ என்று தெரிவிக்க ஒரு பொத்தான் வைத்தபோது, ஊழியர்கள் மாதக்கணக்கில் சலிக்காமல் அழுத்தினார்கள். புது பிஷிங் மெயில் வந்த சில நிமிடங்களிலேயே முதல் தகவல்கள் வரத் தொடங்கின. பத்தாயிரம் பேரில் பத்துப் பேர் சொன்னாலே போதும், மற்றவர்களின் பெட்டியிலிருந்து அந்த மெயிலை எடுத்துவிடலாம்.

முதலாவதற்குச் சான்று இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃபிளேர். 2022 ஜூலையில் அந்த நிறுவனத்தின் குறைந்தது 76 ஊழியர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் அடுத்தடுத்துக் குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த லிங்க் திறந்த போலிப் பக்கம் நிறுவனத்தின் லாகின் பக்கத்தை அச்சு அசலாக ஒத்திருந்தது. மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டு கொடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு ஊழியரிடமும் கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவி ஒன்று இருந்தது. நிஜமான தளமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். போலிப் பக்கத்தில் ஓ.டி.பி.யைத் தட்டச்சு செய்து ஏமாறுவது போல அதில் ஏமாற வழியில்லை. திருடர்களால் உள்ளே வர முடியவில்லை. அதே சமயத்தில் அதே பாணித் தாக்குதலில் டுவிலியோ நிறுவனம் மாட்டிக்கொண்டது. ஏமாந்த மூவரையும் கண்டிக்கவில்லை, தவறை உடனே சொல்வதற்கு யாரும் அஞ்சக்கூடாது என்பதே எங்கள் வழக்கம் என்று கிளவுட்ஃபிளேர் வெளிப்படையாக எழுதியது. பயிற்சித் தளத்துக்கு வருடாவருடம் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை இத்தகைய சாவிகளுக்கோ, இப்போது கைபேசியிலேயே வந்துவிட்ட பாஸ்கீ முறைக்கோ ஒதுக்குவது எந்தப் பாடத்தையும்விடப் பலன் தரும் என்பது என் கருத்து.

தொழில்நுட்ப ஊழியர்களுக்கான ஆய்வுக்கூடத் தளங்கள் வேறு கதை. இவற்றை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். 2017இல் தொடங்கிய ஹேக் த பாக்ஸ், 2018இல் இங்கிலாந்தில் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய டிரைஹேக்மீ, பிரிஸ்டலில் பிறந்த இம்மர்சிவ் லேப்ஸ் எல்லாம், வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டிய கணினிகளை இணையத்தில் வைத்து, உடைத்துப் பார் என்கின்றன. கேட்கும் பாடம் இல்லை, செய்யும் பாடம். ஒரு சர்வரின் திறந்த கதவைக் கண்டுபிடித்து, உள்ளே புகுந்து, நிர்வாகி அதிகாரத்தைப் பிடிக்கும் வரை விடாமல் உட்கார்ந்த ஒருவருக்கு, தன் நிறுவனத்தின் சர்வரில் அதே கதவு திறந்திருந்தால் கண்ணில் படும். இந்தத் துறையில் மதிப்புள்ள ஓ.எஸ்.சி.பி. தேர்விலும் கொள்குறி வினா கிடையாது. 23 மணி 45 நிமிடத்தில் தரப்பட்ட இயந்திரங்களை உடைத்துக் காட்டி, பிறகு அறிக்கை எழுத வேண்டும். டிரைஹேக்மீயில் கணிசமான பகுதி இலவசம் என்பதால், லேப் வசதி போதாத பொறியியல் கல்லூரி மாணவரும் மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் படிக்கலாம். தனியார் நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழ் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, இப்படி ஓர் ஆய்வுக்கூடத்தில் அரை நாள் உட்காரவைத்துப் பார்த்தால் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

ஒத்திகைக் களம் பெரிய செலவு. நேட்டோ நாடுகளுக்காக எஸ்டோனியாவின் தாலின் நகரில் உள்ள மையம் 2010 முதல் நடத்தும் லாக்ட் ஷீல்ட்ஸ் பயிற்சிதான் இந்த வகைக்கு முன்மாதிரி. தனியார் நிறுவனங்களுக்காக ஐ.பி.எம். 2016இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஒரு களத்தைத் திறந்தது. 2022இல் பெங்களூரிலும் ஒன்று வந்தது. அதற்குள் போனால் கணினிக்காரர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். நிதித் தலைவர், வழக்கறிஞர், மக்கள் தொடர்பு அதிகாரி எல்லோரும் உட்கார வேண்டும். பெரிய திரையில் சர்வர்கள் ஒவ்வொன்றாக முடங்கும். பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஃபோன் செய்வார். பணம் கேட்டு மிரட்டல் வரும். பங்குச் சந்தைக்கு இப்போதே சொல்வதா, காலை வரை பொறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். வைரஸை நிறுத்தத் தெரிந்த நிறுவனம்கூட இந்த இடத்தில்தான் தடுமாறும். இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் ‘எக்சர்சைஸ் இன் எ பாக்ஸ்’ என்ற ஒத்திகைத் தொகுப்பை இலவசமாகத் தருகிறது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் மேசை ஒத்திகைக்கான ஆவணங்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம், ஆறு பேர், ஒரு மேசை போதும்.

அமைப்புகளைச் சோதிப்பதற்கு வருவோம். இங்கே நடக்கும் பெரிய ஏமாற்று, ஸ்கேனர் மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டு, அது துப்பியதை அட்டை போட்டு ஊடுருவல் சோதனை அறிக்கை என்று கொடுப்பது. ஸ்கேனர் பட்டியல் போடும். ஊடுருவல் சோதனை செய்பவர் அந்தப் பட்டியலின் மூன்று சிறு ஓட்டைகளைச் சேர்த்தால் சம்பளப் பட்டியல் வரை போய்விடலாம் என்று காட்டுவார். ஸ்கேனரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2017இல் தாக்கப்பட்ட அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸ் சாட்சி. அப்பாச்சி ஸ்டிரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டையை அடைக்க மார்ச் மாதத்திலேயே பேட்ச் வந்தது. நிறுவனம் ஸ்கேன் செய்தது; ஸ்கேன் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. வெளியே போகும் தரவைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்ததால் அதுவும் எதையும் பார்க்கவில்லை. சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் போயின. கருவி வேலை செய்கிறதா என்பதையே சோதிக்கும் கருவிகள் சந்தைக்கு வந்ததன் நியாயம் இதுதான். அட்டாக்ஐக்யூ, சேஃப்பிரீச், சைமுலேட், துருக்கியில் பிறந்த பிக்கஸ் போன்றவை, மைட்டர் அமைப்பு 2015இல் வெளியிட்ட அட்டாக் என்ற தாக்குதல் முறைத் தொகுப்பை வைத்துக்கொண்டு, ஆபத்தில்லாத விதத்தில் அதே தாக்குதல்களை நிறுவனத்துக்குள் நடத்திக் காட்டுகின்றன. மைட்டரின் கால்டெராவும் ரெட் கேனரியின் அட்டாமிக் ரெட் டீமும் இதையே இலவசமாகச் செய்யும். ஆனால் இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆனால் கருவி சரியாக வேலை செய்தும் தோற்ற கதை ஒன்று உண்டு. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், கார்டு நிறுவனங்களின் பாதுகாப்புத் தரச் சான்றிதழை செப்டம்பரில் பெற்றன. நவம்பரில் திருடர்கள் புகுந்தார்கள். வழி, குளிர்சாதனப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஒருவரின் லாகின். புதிதாக வாங்கியிருந்த ஃபயர்ஐ கருவி வைரஸைப் பிடித்து அலாரம் அடித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொன்னது. அங்கே யாரும் அசையவில்லை. 4 கோடி கார்டு எண்கள் வெளியே போயின. பெங்களூரில் இருந்தவர் தன் வேலையைச் செய்தார். அவர் சொன்னதும் மறுமுனையில் யார் எழுந்து எந்த சர்வரை நிறுத்த வேண்டும் என்பது யாருக்கும் பழக்கத்தில் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூரிலும் சென்னையிலும் இத்தகைய கண்காணிப்பு மையங்களில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார்கள். அவர்கள் எழுப்பும் டிக்கெட் எத்தனை நிமிடத்தில் யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதைச் சோதிக்காத எந்தத் தளமும் பாதி வேலையைத்தான் செய்கிறது.

சோதனை செய்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கோல்ஃபயர் நிறுவனத்தின் இரண்டு சோதனையாளர்கள், மாநில நீதித்துறை கொடுத்த ஒப்பந்தத்தின்படி இரவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து சோதித்தபோது கைது செய்யப்பட்டார்கள். கட்டடம் மாவட்டத்துக்குச் சொந்தம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார் ஷெரிஃப். வழக்கு கைவிடப்பட நான்கு மாதம் ஆனது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ கணினிக்குள் நுழைவது மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எந்த சர்வர், எந்தத் தேதி, எந்த நேரம், யாருடைய கையெழுத்து, சர்வர் வாடகைக்கு எடுத்ததா சொந்தமா என்பதெல்லாம் எழுத்தில் இல்லாமல் ஒரு சோதனையும் தொடங்கக்கூடாது.

இந்தியாவில் இந்தச் சந்தையை வளர்ப்பது பயம் பாதி, சட்டம் பாதி. 2016 ஜூனில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தனிக் கட்டமைப்பு விதித்தது. 2024 ஆகஸ்டில் செபி பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு விதித்தது. இந்திய அரசின் சைபர் அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இவை நல்ல சட்டங்கள். ஆனால் தணிக்கையாளருக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும் என்பதற்காகவே பயிற்சி வாங்கும் பழக்கமும் இவற்றின் நிழலில் வளர்கிறது. எல்லா ஊழியரும் நூறு விழுக்காடு பாடம் முடித்தார்கள் என்ற சான்றிதழ் இருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு மெயில் அனுப்ப வேண்டியவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார் என்று கேட்டால் பதில் இருக்காது.

சிறு நிறுவனங்களை இந்தச் சந்தை பெரும்பாலும் மறந்துவிட்டது. திருப்பூரிலோ கரூரிலோ ஐம்பது பேர் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் ஆபத்து, வெளிநாட்டு வாங்குபவருக்கும் இந்த நிறுவனத்துக்கும் நடுவில் ஒருவன் மெயிலில் புகுந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று இன்வாய்ஸை மாற்றி அனுப்புவது. சரக்கு கப்பலேறிவிடும், பணம் வேறெங்கோ போய்விடும். பயிற்சித் தளத்தின் பாடமோ கூரியர் பார்சலையும் கிஃப்ட் கார்டையும் பற்றிப் பேசுகிறது. மொழியைத் தமிழாக்கினாலும் உதாரணம் தமிழ்நாட்டுக்கு வருவதில்லை. இந்த நிறுவனத்துக்கு வேண்டியது தலைக்கு இவ்வளவு என்று வருடச் சந்தா கட்டும் தளமல்ல. கணக்கு எண் மாறினால், மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பழைய ஃபைலில் உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்து கேட்காமல் பணப் பரிமாற்றம் இல்லை என்ற ஒரே விதியும், அந்த விதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது நிஜமாகவே சோதித்துப் பார்ப்பதும் போதும். கணக்குப் பிள்ளைக்கு முதலாளியின் குரலிலேயே, ‘அவசரம், உடனே போடு’ என்று ஃபோன் வந்தாலும் அந்த விதி நிற்க வேண்டும். 2024 தொடக்கத்தில் பிரிட்டனின் பொறியியல் நிறுவனமான ஆரப்பின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், வீடியோ அழைப்பில் தன் மேலதிகாரிகளின் போலி உருவங்களைப் பார்த்து நம்பி, 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். மெயிலை மட்டும் சோதிக்கும் தளங்கள் இந்த இடத்தில் எதற்கும் உதவாது. ஃபோனிலும் வீடியோவிலும் ஏமாற்றிப் பார்க்கும் சோதனைகளை விற்பவர்கள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஏமாறாத நிறுவனம் எதுவும் இல்லை என்பதற்குப் பயிற்சி விற்கும் நோபிஃபோரே சாட்சி சொன்னது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் ஒரு மென்பொருள் பொறியாளரை வேலைக்கு எடுத்தது. நான்கு வீடியோ நேர்காணல், பின்புலச் சரிபார்ப்பு எல்லாம் நடந்தது. திருடப்பட்ட அமெரிக்க அடையாளத்தில், செயற்கை நுண்ணறிவால் திருத்திய புகைப்படத்தோடு வந்த அவர், வட கொரியாவுக்காக வேலை செய்தவர். அனுப்பிய மடிக்கணினி கையில் கிடைத்ததுமே அவர் அதில் தீய மென்பொருளை ஏற்றினார். கண்காணிப்பு மென்பொருள் எச்சரித்தது; பாதுகாப்புக் குழு உடனே அவரைக் கூப்பிட்டு என்ன நடக்கிறது என்று கேட்டது. அவர் மழுப்பினார், பிறகு பதிலே இல்லை. சுமார் 25 நிமிடத்தில் அந்தக் கணினியைத் துண்டித்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆரம்பத்தில் எந்த முக்கிய அமைப்பிலும் அனுமதி தருவதில்லை என்ற விதி அங்கே இருந்ததால் தரவு எதுவும் போகவில்லை. நடந்ததை நிறுவனம் சுமார் ஒரு வாரத்தில், நேரக் குறிப்புகளோடு தானே எழுதி வெளியிட்டது. அதைப் படித்த பிறகு பல நிறுவனங்கள் தாங்கள் அனுப்பும் மடிக்கணினி எந்த முகவரிக்குப் போகிறது, அங்கே அதைத் திறப்பவர் யார் என்று திரும்பிப் பார்க்கத் தொடங்கின.